மாட்டின் வயிற்றில் 52 கிலோ பிளாஸ்டிக்! குற்றவாளி யார்?



2019-ம் வருஷம் அக்டோபர் மாதம் நடந்த ஒரு சம்பவத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பசுமாட்டை வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கன்று போட்டுச் சில வாரங்களே ஆன மாடு. சாணம் போட முடியவில்லை. மூத்திரம் போக முடியவில்லை. வலியில் துடித்தது. டாக்டர்கள் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றிலிருந்து அள்ளி எடுத்தது 52 கிலோ பிளாஸ்டிக்! அதோடு ஆணி, ஊசி, காசு வேறு!

ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ. இரண்டு சிப்பத்தை மாட்டின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்தது போன்ற பாரம். அந்தப் பாரத்தோடு அது கன்றைச் சுமந்திருக்கிறது, ஈன்றிருக்கிறது, பாலும் கொடுத்திருக்கிறது.

அதே 2019-ம் வருஷம் ஜனவரி 1-ம் தேதி முதல், ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தமிழ்நாட்டில் தடை அமுலில் இருந்தது. தடை காகிதத்தில் இருந்தது. பிளாஸ்டிக் மாட்டின் வயிற்றில் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1955 ஜனவரியில் பக்கத்து ஊரான ஆவடியில் பெரிய பந்தல் போட்டு, காங்கிரஸ் மகாசபை "சோஷலிச மாதிரி சமுதாயம்" அமைப்போம் என்று தீர்மானம் போட்டது. அந்தப் பந்தல் நின்ற மண்ணுக்குக் கூப்பிடு தூரத்தில், 64 வருஷம் கழித்து, ஏழையின் மாடு தின்னப் புல் இல்லாமல் குப்பையைத் தின்றது. நடுவில் எத்தனையோ ஆட்சிகள் வந்தன, போயின. புல் மட்டும் வரவில்லை.

குற்றவாளி யார்? நாம் கேட்கிறோம்.

இரண்டு பொய்கள்

இந்த மாதிரி செய்தி வரும்போதெல்லாம் சில கனவான்கள் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். "மாடு வளர்க்க யோக்கியதை இல்லாதவன் ஏன் வளர்க்கிறான்? பாலைக் கறந்துவிட்டுத் தெருவில் விரட்டுகிறான். சுத்தம் கிடையாது, அறிவு கிடையாது" என்கிறார்கள். காலையில் அந்த மாட்டின் பாலில் காப்பி குடித்துவிட்டுத்தான் இந்தத் தீர்ப்பு!

இன்னொரு பக்கம் நம் ஜனங்களே தலையில் கையை வைத்துக்கொண்டு, "கண்ணேறு பட்டுவிட்டது, தெய்வ குற்றம்" என்கிறார்கள்.

முதல் பேச்சு ஏழையின் மேல் பழி போடுகிறது. இரண்டாவது பேச்சு தெய்வத்தின் மேல் பழி போடுகிறது. இரண்டிலும் உண்மையான குற்றவாளி தப்பித்துக்கொள்கிறான்.

நாம் சொல்வது இதுதான். மாட்டுக்கு வரும் நோயில் பெரும்பகுதி அதை வைத்திருக்கும் விதத்தில் பிறக்கிறது. தரை, தண்ணீர், தீவனம், கறவை, தடுப்பூசி இந்த ஐந்தில்தான் மாட்டின் ஆரோக்கியம் இருக்கிறது. கிருமி இல்லையா? உண்டு. ஆனால் கிருமிக்கு வழி திறந்து விடுவது பராமரிப்புக் குறைவு. அந்தக் குறைவோ ஏழையின் கெட்ட குணத்தில் பிறக்கவில்லை. நிலம் பறிபோனதில் பிறக்கிறது. பாலுக்குக் கட்டுபடியான விலை இல்லாததில் பிறக்கிறது. சர்க்காரின் பாராமுகத்தில் பிறக்கிறது. இதை ஒவ்வொன்றாக நிரூபிப்போம்.

தரையும் மடிநோயும்

சென்ற மழைக்காலத்தில் அம்பத்தூர் ஒரகடம் பக்கம் ஒரு கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு விவசாயத் தொழிலாளிப் பெண் நம்மைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். நாற்று நட்டு, களை பறித்துப் பிழைத்தவர். நட்ட கழனி எல்லாம் மனைக்கட்டாகிவிட்டதும் குழுவில் கடன் வாங்கி ஒரு கலப்பின மாடு வாங்கினார். மாடு நின்ற இடம் வீட்டின் பின்சுவரை ஒட்டி, மேலே கிழிந்த தார்ப்பாய், கீழே சேறு. மாட்டின் மடி கல்லாக வீங்கியிருந்தது. நான்கு காம்பில் இரண்டில் பால் அற்றுப் போய்விட்டது. சர்க்கார் மருந்தகத்துக்கு ஓடினால் அன்று டாக்டர் இல்லை. மோட்டார் சைக்கிளில் வந்த தனியார் வைத்தியர் மூன்று நாள் ஊசி போட்டார். ஊசிக்கும் கடன். மாட்டின் கடன் தீரவில்லை, மாட்டின் பால் தீர்ந்துவிட்டது.

"எந்தத் தெய்வத்துக்கு என்ன குறை வைச்சேன், தம்பி?" என்று கேட்டார்.

"தெய்வத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அக்கா. மாடு படுக்கிற தரையைப் பாருங்கள்" என்றோம்.

விஷயம் என்னவென்றால், பால் கறந்து முடித்ததும் காம்பின் துவாரம் உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி நேரமாவது திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு சாணியிலும் மூத்திரத்திலும் படுத்தால், கிருமி காம்பு வழியாக மடிக்குள் ஏறிவிடுகிறது. மடி வீங்குகிறது, பால் திரிந்து வருகிறது, கவனிக்காவிட்டால் அந்தக் காம்பு நிரந்தரமாகச் செத்துப் போகிறது. இதுதான் மடிநோய். காய்ந்த தரை இருந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

காய்ந்த தரைக்கு இடம் வேண்டாமா? ஒரு கறவை மாட்டுக்குக் கூரையின் கீழ் ஏறக்குறைய 40 சதுர அடியும், திறந்த வெளியாக 75 சதுர அடியும் வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நல்லது. நம் தொழிலாளி குடியிருக்கும் வீடு எவ்வளவு? பத்துக்குப் பத்து! அதில் ஐந்து பேர். ஆளுக்கு 20 சதுர அடி. மாட்டுக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று புத்தகத்தில் எழுதினவர்கள், மனிதனுக்கே அதில் பாதிதான் கிடைக்கிறது என்பதை எங்கே எழுதினார்கள்? தான் படுக்க இடமில்லாதவன் மாட்டுக்குக் கொட்டகை எங்கே போடுவான்?

வயிறு என்னும் தொழிற்சாலை

அடுத்தது தீவனம். மாடு நம்மைப் போல மென்று விழுங்குவதில்லை. நாக்கால் சுழற்றி இழுத்து, அப்படியே விழுங்கிவிட்டு, பிறகு படுத்து அசை போடுகிறது. வாய்க்குள் போனதில் எது புல், எது பை என்று பிரித்துப் பார்க்க அதனால் முடியாது. மிஞ்சின சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி முடிச்சுப் போட்டு வீதியில் எறிகிறோம். சோற்று வாசனைக்கு மாடு பையோடு விழுங்குகிறது. விழுங்கிய பை செரிக்காது, குடலுக்கும் இறங்காது. பையோடு பை சேர்ந்து கயிறாக முறுக்கிக்கொண்டு பெரிய வயிற்றை அடைத்துக்கொள்கிறது. வயிறு நிறைந்திருப்பதாக நினைத்து மாடு தின்பதை நிறுத்துகிறது, எலும்பும் தோலுமாகிறது, வயிறு உப்பிச் சாகிறது.

தொழிற்பேட்டைத் தோழர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். லேத் பட்டறைகளிலிருந்து வெளியே கொட்டும் குப்பையில் கம்பித் துண்டு, ஆணி எல்லாம் இருக்கிறது. இவை மாட்டின் இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கும். தேன்கூடு மாதிரி இருக்கிற வயிறு அது. அதற்கும் இருதயத்துக்கும் நடுவே மெல்லிய தடுப்புத்தான். வயிறு சுருங்கி விரியும்போது கம்பி முனை அந்தத் தடுப்பைக் குத்திக்கொண்டு இருதயத்துக்கே போய்விடும். முந்தாநாள் வரை நன்றாக இருந்த மாடு நெஞ்சில் நீர் கோத்து விழுந்து சாவதற்கு இது ஒரு காரணம்.

கல்யாண மண்டபத்துச் சோறும் இப்படித்தான். மாட்டின் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து நாரைச் செரிக்க வைக்கின்றன. நாருக்குப் பழகிய அந்த வயிற்றில் ஒரே நாளில் அண்டா அண்டாவாகச் சோறு விழுந்தால், சோறு புளித்து அமிலமாகி அந்த நுண்ணுயிர்களைக் கொல்கிறது; பிறகு மாட்டையும் கொல்கிறது. மாட்டுப் பொங்கலன்று அன்போடு அளவு மீறி ஊட்டிய பொங்கலே மாட்டுக்கு எமனாவதும் உண்டு.

தண்ணீர்? கறவை மாடு ஒன்றுக்கு நாளைக்கு 50, 60 லிட்டராவது வேண்டும். கத்திரி வெயிலில் இன்னும் அதிகம். 2019 கோடையில் புழல் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் வறண்டு, குடம் தண்ணீருக்கு நம் பெண்கள் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். அந்தக் கோடையில் மாடு எதைக் குடித்தது? சாக்கடையைக் குடித்தது. தண்ணீர் குறைந்தால் பால் குறையும், செரிமானம் கெடும், வெயில் தாக்கிச் சுருண்டு விழும். இதற்குப் பெயர் கண்ணேறா?

மேய்க்கால் எங்கே போயிற்று?

சென்னைக்குள் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. மந்தை மேய்ந்த வெளி என்று பெயரே சொல்கிறது. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. ஆவடி என்ற பெயரே "ஆ" என்னும் பசுவிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. ஊருக்கு ஊர் மேய்க்கால் புறம்போக்கு என்று சர்க்கார் கணக்கிலேயே நிலம் இருந்தது. அது ஊர்ப் பொது நிலம். நிலமில்லாத கூலிக்காரனின் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதுதான் ஜீவாதாரம்.

அந்த நிலம் எங்கே? கட்டடமாக நிற்கிறது, மதில் சுவராக நிற்கிறது, விலைப் பலகை தொங்கும் மனைப்பிரிவாக நிற்கிறது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்ததை நாம் குறை கூறவில்லை. அது ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆனால் பேட்டையைக் காட்டி நாலாபுறமும் கழனியையும் ஏரிக்கால்வாயையும் மேய்ச்சல் தரையையும் விழுங்கினவர்கள் தொழிலாளிகளா? மனை வியாபாரிகள்! கழனி போனதோடு நடவுக் கூலி போயிற்று. நடவோடு வைக்கோல் போயிற்று. வரப்பு போனதோடு அறுத்து வந்த பச்சைப்புல் போயிற்று. ஒரே அடியில் கூலிக்காரனின் சோறும் மாட்டின் தீனியும் பறிபோயின.

சட்டம் இல்லாமலா? 2011 ஜனவரி 28-ம் தேதி, ஜக்பால் சிங் வழக்கில், கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களிடமிருந்து மீட்க எல்லா மாநில சர்க்கார்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டது. உத்தரவு வந்தது. மேய்க்கால் எத்தனை ஏக்கர் திரும்பி வந்தது? தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று கேட்போம்.

அதே 2011-ல், ஐந்து வருஷத்தில் 60 ஆயிரம் கறவை மாடுகளை ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை மாநில சர்க்கார் தொடங்கியது. ஏழைக்கு மாடு கொடுத்ததை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். ஜெர்சி கலப்பு மாடு கூழ் குடித்து வாழுமா? நாளைக்கு 25, 30 கிலோ பச்சைத் தீவனம் வேண்டும். வெயிலும் உண்ணியும் நாட்டு மாட்டைவிட அதைச் சீக்கிரம் சாய்த்துவிடும். மாட்டைக் கையில் கொடுத்தவர்கள் புல்லுக்கு ஒரு சென்ட் நிலம் கொடுத்தார்களா? வண்டியைக் கொடுத்துவிட்டுச் சக்கரத்தை வைத்துக்கொள்வது போன்ற தர்மம் இது!

அபராதம் யாருக்கு?

2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சிறுமியைத் தெருவில் மாடு முட்டித் தூக்கி எறிந்தது. பார்த்த நெஞ்சமெல்லாம் பதறியது. நம் நெஞ்சமும் பதறியது. மாடு வீதியில் அலையக்கூடாது. இதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. வீதி குழந்தைக்கும் ஆபத்து, மாட்டுக்கும் ஆபத்து.

கார்ப்பரேஷன் என்ன செய்தது? அபராதத்தை ஏற்றியது. 2023-ல் 5,000 ரூபாய். 2024-ல் 10,000 ரூபாய். மறுமுறை பிடிபட்டால் 15,000. 2011-ல் அம்பத்தூரைச் சென்னைக் கார்ப்பரேஷனோடு சேர்த்ததால் இந்தச் சட்டம் நம் தலையிலும் விழுகிறது.

கணக்குப் போடுவோம். ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்த கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆயிற்று. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 38. எட்டு லிட்டர் கறக்கும் மாடு வைத்திருப்பவர் 10,000 ரூபாய் கட்ட வேண்டுமானால், 33 நாள் பால் முழுவதையும் கொட்ட வேண்டும். தீவனச் செலவு வேறு. அந்த 33 நாளும் குடும்பம் எதைத் தின்பது? மாடு எதைத் தின்பது? திரும்பவும் குப்பைத் தொட்டியைத்தான்!

பிளாஸ்டிக் பை உற்பத்தி செய்து கொழுத்தவனுக்கு என்ன அபராதம்? மேய்க்காலை வளைத்துப் போட்டவனுக்கு என்ன அபராதம்? குப்பையை அள்ளாமல் குவித்து வைப்பவர்களுக்கு என்ன அபராதம்? மாட்டைப் பிடிக்க வண்டி வருகிறது. இவர்களைப் பிடிக்க ஒரு வண்டியும் வரவில்லை.

வேறு வழி இல்லையா? உண்டு. பம்பாய் நகரத்து மாடுகளை வெளியே கொண்டு போக 1949-ல் ஆரே பால் காலனி ஏற்படுத்தினார்கள். கொட்டகை, தண்ணீர், தீவனம், வைத்தியம் எல்லாம் ஒரே இடத்தில். நம் மாதவரத்தில் பால் காலனி வந்ததும் இந்த வழியில்தான். அரைக்கச்சையான சர்க்காரே அன்று இவ்வளவு யோசித்தது. இன்று ஊர் பத்து மடங்கு பெருத்த பிறகு, கொட்டகைக்கு இடமில்லை என்றால் யார் நம்புவது?

விலையும் நோயும்

கொள்முதல் விலையில் ஒரு சூழ்ச்சுமம் இருக்கிறது. பாலின் கொழுப்பையும் மற்றத் திடச்சத்தையும் அளந்துதான் விலை போடுகிறார்கள். தீனி குறைந்தால் பாலின் சத்துக் குறைகிறது. சத்துக் குறைந்தால் விலை குறைகிறது. விலை குறைந்தால் புண்ணாக்கும் தவிடும் வாங்கப் பணமில்லை. வாங்காவிட்டால் தீனி இன்னும் குறைகிறது. மாடு மெலிகிறது, சினை பிடிக்க மறுக்கிறது, மெலிந்த உடம்பில் நோய் ஏறுகிறது. செக்கிழுத்த மாடு போல ஏழை இந்த வட்டத்திலேயே சுற்றுகிறார். புண்ணாக்கு விலை ஏறும்போது யாரும் நம்மைக் கேட்பதில்லை. பால் விலையைக் கேட்டால் மட்டும் "ஜனங்களுக்குச் சுமை" என்கிறார்கள்.

மில் தொழிலாளியும் மாடு வளர்ப்பவரும் இதில் எதிரிகளா? இல்லை. ஒருவர் குழந்தைக்குப் பால் வாங்குகிறார், மற்றவர் பால் விற்கிறார். நியாய விலைக்கு விற்கவும் நியாய விலைக்கு வாங்கவும் நடுவில் மானியம் கொடுக்க வேண்டியது சர்க்கார். மேலும், மாட்டின் நோய் மாட்டோடு நிற்பதில்லை. கன்று வீச்சு நோய் கண்ட மாட்டின் பச்சைப் பாலாலும் நஞ்சுக்கொடியாலும் மனிதனுக்கே விடாக் காய்ச்சல் வருகிறது. ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து கலந்து வருகிறது. திருமுல்லைவாயல் மாட்டின் வயிறு கெட்டால் அம்பத்தூர்க் குழந்தையின் தம்ளர் கெடுகிறது.

லாப வெறி பராமரிப்பை ஆண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனே சாட்சி. புல் தின்னும் பசுவுக்கு, மலிவாகக் கிடைக்கிறதென்று, செத்த மாடுகளின் இறைச்சியையும் எலும்பையும் தூளாக்கித் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். 1986-ல் மாடுகளுக்கு மூளை அழுகும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் தீவனத்தைத் தடுக்க 1988 ஆயிற்று. மனிதனுக்கும் தொற்றுகிறது என்று சர்க்கார் ஒப்புக்கொள்ள 1996 ஆயிற்று. லட்சக்கணக்கான மாடுகளை வெட்டி எரித்தார்கள். 170-க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். படிப்பும் சுத்தமும் இல்லாத ஏழையா அங்கே குற்றவாளி? பெரிய தீவனக் கம்பெனிகளும், அவற்றுக்குத் துணை போன ஆட்சியும்!

வெக்கை ஒழிந்தது எப்படி?

"எல்லாம் விதி" என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. அது வெக்கை நோய். ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன கொள்ளை நோய் அது. வெக்கை வந்த வருஷம் ஏர் பூட்ட மாடு இருக்காது. ஏர் இல்லாவிட்டால் பஞ்சம். 1954-ல் இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. சர்க்கார் செலவில், வீடு வீடாக, கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். இந்தியாவில் கடைசியாக அந்த நோய் தலைகாட்டியது 1995-ல், நம் தமிழ்நாட்டின் வடாற்காட்டுப் பகுதியில்தான். 2006-ல் இந்தியாவும், 2011-ல் உலகம் முழுவதும் அதிலிருந்து விடுதலை பெற்றன. மனித குலம் பூண்டோடு ஒழித்த மாட்டு நோய் இது ஒன்றுதான்.

எந்த வியாபாரியும் இதைச் செய்யவில்லை. லாபக் கணக்குப் பார்த்திருந்தால், காசு கொடுக்க முடியாத கூலிக்காரனின் மாட்டை விட்டுவிட்டிருப்பான். அந்த ஒரு மாட்டிலிருந்து நோய் மறுபடி பரவியிருக்கும். ஒருவரையும் விடாமல், காசு கேட்காமல், திட்டம் போட்டுச் செய்ததால்தான் ஜெயித்தது. பொதுத்துறையின் சக்தி அது.

அந்தச் சக்தி நம் வாசலிலேயே இருக்கிறது. வேப்பேரியில் 1903-ல் ஆரம்பித்த கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. திருமுல்லைவாயல் மாட்டின் ஆபரேஷனுக்கு வாங்கிய கட்டணம் 70 ரூபாய்தான் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த டாக்டர்களுக்கு நம் வணக்கம். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. அம்பத்தூரிலேயே ஆவின் பால் பண்ணை இருக்கிறது. வைத்தியம் பக்கத்தில் இருக்கிறது, பால் பண்ணை பக்கத்தில் இருக்கிறது. இல்லாதது புல்லும், கொட்டகையும், தெருவுக்கு வரும் டாக்டரும்தான்.

கோமாரியைப் பாருங்கள். 2013-ல் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஆயிரக்கணக்கான மாடுகளைக் கொன்றது. 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கோமாரியையும் கன்று வீச்சையும் ஒழிக்க ஐந்து வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாய் என்று அறிவித்தது. காதில் 12 இலக்க எண் போட்ட வில்லையை மாட்டினார்கள். ஆறு மாதத்துக்கொரு முறை ஊசி தவறாமல் வருகிறதா? குளிர் குறையாமல் மருந்து வருகிறதா? இதைத்தான் நாம் பார்க்க வேண்டும். 2022-ல் தோல் கழலை நோய் வடக்கே ராஜஸ்தான், குஜராத் பக்கம் பரவி, நாட்டில் லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளைக் கொன்றது. ஈயும் கொசுவும் உண்ணியும் அதைப் பரப்புகின்றன. நம் தெருச் சாக்கடையில் இந்த மூன்றுக்கும் குறைவா?

நம் கையில் இருப்பது

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. நம் தோழர்களிலேயே சிலர் கறந்ததும் கயிற்றை அவிழ்த்துத் தெருவில் விடுகிறார்கள். இது தவறு. சுயவிமர்சனமாகச் சொல்கிறோம். போராடி உரிமை வாங்கும் வரை மாடு சாகாமல் இருக்க வேண்டுமல்லவா? காசு அதிகம் இல்லாமல் செய்யக்கூடியவை இவை:

கறப்பதற்கு முன் கையையும் மடியையும் கழுவித் துடைக்க வேண்டும். முதல் பீச்சைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரி திரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும். கட்டைவிரலை மடக்கிக் கறக்கக்கூடாது. கறந்ததும் தீனி வைத்து அரை மணி நேரம் மாட்டை நிற்க வைக்க வேண்டும். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொல்லும் நாள் வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது.

கன்று பிறந்து இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்ட வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பது மூடப் பழக்கம். சீம்பால்தான் கன்றுக்கு முதல் தடுப்பு மருந்து.

அடைப்பான் கண்டு திடீரென்று செத்த மாட்டை அறுக்கவோ தோலை உரிக்கவோ கூடாது. ரத்தத்திலிருந்து மனிதனுக்குத் தொற்றும். ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

மாடு இல்லாத தோழர்களுக்கும் வேலை உண்டு. சோற்றைப் பையில் கட்டி எறியாதீர்கள். பட்டறைக் கம்பித் துண்டை வீதிக் குப்பையில் கொட்டாதீர்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்பதை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் மேய்க்கால் புறம்போக்கு எவ்வளவு இருந்தது, இன்று யார் கையில் இருக்கிறது என்ற பட்டியலைச் சர்க்கார் வெளியிட வேண்டும். பெரிய ஆக்கிரமிப்பாளர்களிடமிருந்து மீட்க வேண்டும். குடிசை போட்ட ஏழையைத் தொடக்கூடாது.

2. மீட்ட நிலத்தில் கூட்டுறவு முறையில் தீவனப்புல் பயிரிட வேண்டும். தண்ணீர் உள்ள ஒரு ஏக்கரில் கோ-4 புல் போட்டால் பத்து மாட்டுக்குக் குறையாமல் பச்சைத் தீனி கிடைக்கும். அந்த வேலை நிலமிழந்த விவசாயத் தொழிலாளருக்கே கிடைக்க வேண்டும்.

3. வட்டாரந்தோறும் பொதுக் கொட்டகை. சிமெண்ட் தரை, தண்ணீர்த் தொட்டி, சாண எரிவாயு. கொட்டகை கட்டிக் கொடுக்கும் வரை ஏழை மாடு வளர்ப்போரிடம் 10,000, 15,000 அபராதம் வசூலிப்பதை நிறுத்த வேண்டும்.

4. பால் கொள்முதல் விலையைத் தீவன விலையோடு இணைக்க வேண்டும். ஏற்றத்தை நுகர்வோர் தலையில் போடாமல் மானியமாகக் கொடுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் மலிவு விலையில் கலப்புத் தீவனம் வேண்டும்.

5. மருந்தகங்களில் காலியிடங்களை நிரப்ப வேண்டும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் டாக்டர் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை தடுப்பூசி வீதி வீதியாக வர வேண்டும்.

6. செத்த மாட்டுக்கு இன்ஷ்யூரன்ஸ் பணம் அலைக்கழிக்காமல் கிடைக்க வேண்டும். பிரீமியத்தைச் சர்க்கார் கட்ட வேண்டும்.

7. பிளாஸ்டிக் தடையைத் தள்ளுவண்டிக்காரர் மேல் மட்டும் காட்டாமல், உற்பத்தி செய்கிற முதலாளிகள் மேல் அமுல் செய்ய வேண்டும்.

தோழர்களே! ஒரு நாள் மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசிக் கும்பிடுகிறோம். மற்ற நாளெல்லாம் அது குப்பையைத் தின்கிறது. உழைக்கும் மனிதனையும் இவர்கள் அப்படித்தான் நடத்துகிறார்கள். மே தினத்தன்று வாழ்த்து, மற்ற நாள் பட்டினி. மாட்டின் தீனியும் மனிதனின் கூலியும் ஒரே நிலத்தில் விளைந்தன. ஒரே கையால் பறிபோயின. ஒரே போராட்டத்தால்தான் திரும்பி வரும்.

ஒரகடத்து அக்கா கேட்ட கேள்விக்கு நாம் அளிக்கும் பதில் இதுதான். குற்றம் உங்களிடம் இல்லை, தெய்வத்திடமும் இல்லை. குற்றவாளியின் முகவரி நமக்குத் தெரியும். கிளைகள் தோறும் மாடு வளர்ப்போரையும் மில் தொழிலாளரையும் ஒன்றாகக் கூட்டுங்கள்! மேய்க்கால் கணக்கைக் கேட்டு மனுவில் கையெழுத்து வாங்குங்கள்! தாலுகா ஆபீசுக்கு ஊர்வலமாகச் செல்வோம்!

புல்லுக்கு நிலம் வேண்டும்! பாலுக்கு விலை வேண்டும்! உழைப்பவனுக்கு வாழ்வு வேண்டும்!